ஸ்கேன்ல கேன்சர் சந்தேகம், பயாப்சில கிரானுலோமா: எதை நம்புறது, அடுத்து என்ன பண்றது?

கேட்டிருக்கறது சுருக்கமா இதுதான். தங்கச்சிக்கு 33 வயசு, சின்னக் குழந்தைக்கு மூணு வயசு. இடது மார்புல ஒரு மாசமா கெட்டியா ஒரு கட்டி, காம்பு உள்ள இழுத்திருக்கு, அக்குள்ல நெறி கட்டியிருக்கு. ஸ்கேன்ல பைராட்ஸ் 4சின்னு போட்டு கேன்சரா இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லி எல்லாரையும் அழ வெச்சுட்டாங்க, அப்புறம் கோர் பயாப்சி (தடிமனான ஊசில திசுத் துண்டு எடுத்துப் பாக்கறது) ரிப்போர்ட்ல கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ் (மார்புல வர்ற ஒரு வகை வீக்கம்), கேன்சர் செல் எதுவும் இல்லன்னு வந்திருக்கு. இப்ப ஒரு டாக்டர் டிபி மாத்திரை ஆரம்பிக்கலாம்ங்கறார், இன்னொருத்தர் ஸ்டீராய்டுங்கறார், சர்ஜன் எதுக்கு வம்பு மொத்தமா எடுத்துடலாம்ங்கறார். எதை நம்புறது?

நான் பேத்தாலஜி ஆளு, பேஷன்ட பாக்கறத விட ஸ்லைடுல திசுவ மைக்ராஸ்கோப்ல பாக்கறதுதான் வேலை. உங்க தங்கச்சியோட ஸ்லைட நான் பாக்கல, அதனால இத அவங்களுக்கான ட்ரீட்மென்ட்டா எடுத்துக்காதீங்க, அவங்க டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கறதுக்கு எடுத்துக்கோங்க. மொதல்ல நேரடி பதில்: மூணு டாக்டரும் ஒருத்தர ஒருத்தர் மறுத்துப் பேசற மாதிரி தெரியுது, ஆனா உண்மையில மூணு பேருமே பாதி முடிஞ்ச ஒரு ரிப்போர்ட்ட வெச்சுட்டு மீதிய அவங்கவங்க அனுபவத்துல நிரப்பிக்கிறாங்க. கிரானுலோமான்னா ஒரு நோயோட பேரு இல்லங்க, உடம்பு எதையோ சுத்தி செல்லால வளையம் கட்டியிருக்குன்னு அர்த்தம், அந்த 'எதையோ' எதுன்னு இன்னும் யாரும் சொல்லல. அதனால இப்ப கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு. ஒண்ணு, இந்த ரிப்போர்ட் ஸ்கேன்ல தெரிஞ்ச கட்டிய முழுசா விளக்குதா? ரெண்டு, இந்த கிரானுலோமா எதனால வந்துச்சு?

மொதல் கேள்விக்கு முன்னாடி, ஏன் இவ்வளவு பயமுறுத்தற மாதிரி ஸ்கேன் வந்துச்சுன்னு சொல்லிடறேன். கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ்ங்கறத தனி நோயா 1972ல கெஸ்லர், வொல்லொக்னு ரெண்டு பேர் எழுதினாங்க, அந்தக் கட்டுரையோட தலைப்புலயே கேன்சர் மாதிரியே தெரியற நோய்னு போட்டிருந்தாங்க, அப்ப இருந்தே இதோட பேரு அப்படித்தான். கையில தொட்டா கெட்டியா இருக்கும், ஓரம் ஒழுங்கா இருக்காது, தோலோட ஒட்டிக்கும், காம்ப இழுக்கும், அக்குள் நெறியும் வீங்கும், இது எல்லாமே பாடப் புத்தகத்துல கேன்சரோட அறிகுறின்னு படிச்சதுதான். அல்ட்ராசவுண்ட்ல கறுப்பா ஒழுங்கில்லாத ஒரு உருவம், மேமோகிராம்ல ஒரு பக்கம் மட்டும் அடர்த்தி, எம்ஆர்ஐல கான்ட்ராஸ்ட் ஏத்தினா பளிச்சுன்னு எடுத்துக்கும். சிலர் இன்னும் ஒரு படி மேல போய் பெட் ஸ்கேன் எடுத்துட்டு வருவாங்க, அதுவும் எரியும், ஏன்னா சர்க்கரைய உறிஞ்சற எந்த செல்லும் அதுல எரியும், வீக்கத்துல இருக்கற வெள்ளணுவும் சேத்துதான். பெட்ல எரிஞ்சுச்சு அதனால கேன்சர்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க.

இந்த பைராட்ஸ் நம்பர் நோயோட பேரு இல்ல, படத்த மட்டும் பாத்து சொல்ற ஒரு சாத்தியக்கணக்கு. 4ஏன்னா 2ல இருந்து 10 சதவீதம், 4பின்னா 10ல இருந்து 50, 4சின்னா 50ல இருந்து 95, அதுக்கு மேல போனா 5. அதாவது 4சி போட்ட ரேடியாலஜிஸ்ட் தப்பு பண்ணல, அந்தப் படத்துக்கு அந்த நம்பர்தான் சரி. 4சி வந்த நூறு பேர்ல கேன்சர் இல்லாத ஆளுங்களும் கணிசமா இருப்பாங்கன்னு அந்த நம்பருக்குள்ளயே இருக்கு, உங்க தங்கச்சி அதுல ஒருத்தங்களா இருக்கலாம். சந்தேகம் இருக்கு, ஊசி போட்டு பாருங்கன்னு சொல்றதோட அந்த நம்பரோட வேலை முடிஞ்சுது.

இப்ப மொதல் கேள்வி. மார்புக் கட்டில எங்களுக்கு ஒரே ஒரு பெரிய விதி, தொட்டுப் பாத்தது, படத்துல பாத்தது, ஸ்லைடுல பாத்தது மூணும் ஒரே கதைய சொல்லணும். சொல்லலன்னா, ஸ்லைடு எவ்வளவு நல்ல செய்தி சொன்னாலும் ஒத்துக்கக் கூடாது. கோர் பயாப்சிங்கறது அரிசி மண்டில மூட்டைக்குள்ள குத்தூசி விட்டு சாம்பிள் பாக்கற மாதிரிதான், குத்தூசி போன இடத்துல என்ன இருக்குன்னு மட்டும்தான் நமக்கு தெரியும். அதனால கேளுங்க: ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசி போட்டாங்களா, கையில தடவி குத்துமதிப்பா போட்டாங்களா? 14 கேஜ்னு சொல்ற தடிமன் ஊசியா? எத்தன துண்டு எடுத்தாங்க? ஊசி கட்டிக்கு நடுவுல போன படம் இருக்கா? இதெல்லாம் கேட்டா கோவிச்சுக்கற டாக்டரும் இருக்காங்க, பரவால்ல, கேளுங்க.

கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ்க்கு அல்ட்ராசவுண்ட்ல ஒரு அடையாளம் உண்டு, கறுப்பு உருவத்துல இருந்து குழாய் குழாயா விரல் நீட்டின மாதிரி பக்கத்துல ஓடும், சில இடத்துல சீழ் தேங்கியிருக்கும். உங்க தங்கச்சி ஸ்கேன்ல அப்படி இருந்து, ஸ்லைடுல எல்லா துண்டுலயும் கிரானுலோமா நிறைய இருந்தா மூணும் ஒத்துப்போகுது, கேன்சர் பயத்த பெரும்பாலும் ஓரமா வெச்சுடலாம். ஆனா மேமோகிராம்ல சுத்தியும் முள்ளு முள்ளா ஓடற ஒரு கட்டி, கூடவே பொடிப்பொடியா ஒழுங்கில்லாத சுண்ணாம்புப் புள்ளி, அதுக்கு ஸ்லைடுல ஒரு மூலையில ரெண்டே ரெண்டு கிரானுலோமான்னா எனக்கு தூக்கம் வராது, மறுபடி பயாப்சி எடுக்கத்தான் சொல்வேன். ஏன்னா கேன்சருக்கு பக்கத்துலயே உடம்பு கிரானுலோமா கட்டறதும் நடக்கும், அபூர்வம், ஆனா நடக்கும். இன்னொரு திருட்டுத்தனமான ஆளு லோபுலர் கார்சினோமான்னு ஒரு வகை மார்புக் கேன்சர், அந்த செல் சின்னதா தனித்தனியா வரிசையா நிக்கும், வீக்கத்துல வர்ற செல் கூட்டத்துக்குள்ள கலந்து நின்னா சாதாரண ஸ்டெயின்ல (ஸ்லைடுக்கு போடற சாயம்) கண்ணுக்கு தப்பிச்சுடும். சந்தேகம் இருந்தா சைட்டோகெரட்டின்னு ஒரு ஸ்டெயின் போட்டா போதும், கேன்சர் செல் இருந்தா பழுப்பு நிறத்துல காட்டிக் குடுத்துடும். செலவு பெருசு இல்ல, திசுவ மெழுகுல பதிச்சு வெச்சிருக்கற பழைய பிளாக்ல இருந்தே போடலாம், மறுபடி குத்த வேண்டியதில்ல.

அதே மாதிரி ரிப்போர்ட்ல நார்மல் மார்புத் திசு, இல்ல வெறும் கொழுப்பும் நாரும்னு மட்டும் எழுதியிருந்தா அது நல்ல செய்தி இல்ல, அது செய்தியே இல்ல. கட்டி இருக்குன்னு கைக்கு தெரியுது, படத்துல தெரியுது, ஸ்லைடுல ஒண்ணுமில்லன்னா ஊசி கட்டிக்குள்ள போகலன்னுதான் அர்த்தம். கேன்சர் இல்லன்னு சாமிக்கு தேங்கா உடைச்சுட்டு அஞ்சாறு மாசம் கழிச்சு வர்றவங்க இந்த வகையிலதான் அதிகம்.

ஊசி விஷயத்துல இன்னொண்ணு. நம்ம ஊர்ல இன்னும் நிறைய இடத்துல மெல்லிய ஊசில செல் மட்டும் உறிஞ்சற எஃப்என்ஏசிதான் மொதல்ல பண்றாங்க, சீக்கிரம் முடியும், மலிவு. ஃபைப்ரோஅடினோமாங்கற சாதாரண, கேன்சர் இல்லாத கட்டிக்கு அது போதும். ஆனா கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ் மாதிரி விஷயத்துல ரெண்டு பக்கமும் ஏமாத்தும், வீக்கத்துல அடிபட்ட பால்குழாய் செல் பெருசா கோணலா மாறி கேன்சர் சந்தேகம்னு எழுத வெச்சுடும், இல்லன்னா சீழ் மட்டும் வந்து வெறும் ஆப்சஸ், அதாவது சீழ்க்கட்டின்னு முடிச்சுடுவாங்க. கேன்சர்னு நினைச்சு மார்பையே எடுத்துட்டு அப்புறம் ஸ்லைடுல கிரானுலோமான்னு தெரிஞ்ச கேஸெல்லாம் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. அதனால மார்பு எடுக்கற மாதிரி ஒரு முடிவ எஃப்என்ஏசி பேப்பர மட்டும் நம்பி யாரும் எடுக்காதீங்க. ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்ங்கற பயமும் வீட்டுக்கு வீடு இருக்கு, அந்த பயத்துல பயாப்சி வேணாம்னு ஓடினவங்க இழந்தது நிறைய, பயாப்சினால நோய் பரவி ஆள் போனதுன்னு நான் பாத்ததே இல்ல. உங்க வீட்ல கோர் பயாப்சி வரைக்கும் போயிட்டீங்க, அது பெரிய விஷயம்.

சரி, கேன்சர் இல்லன்னு வெச்சுக்குவோம். இனிமேதான் உண்மையான சண்டை, டிபியா இல்லையா.

மார்புல டிபி வரும்ங்கறது புதுசு இல்ல, லண்டன்ல ஆஸ்ட்லி கூப்பர்னு ஒரு சர்ஜன் 1829லயே எழுதி வெச்சிருக்கார். மேல்நாட்டுல அபூர்வத்துலயும் அபூர்வம், நம்ம ஊர்ல டிபி நிறைய இருக்கறதால இங்க அபூர்வம் மட்டும்தான். அதனால இந்தியாவுல கிரானுலோமான்னு பேப்பர்ல பாத்த உடனே பல டாக்டருக்கு கை தானா டிபி மாத்திரை எழுதப் போகும், அது முழுக்க தப்புன்னும் சொல்ல முடியாது. ஸ்லைடுல ரெண்டையும் பிரிக்க நாங்க பாக்கறது, டிபி கிரானுலோமா நடுவுல பாலாடைக்கட்டி மாதிரி செத்துப்போன பொருள் இருக்கும், கேசியேஷன்னு சொல்வோம், அது மார்புல எங்க வேணும்னாலும் பரவியிருக்கும். காரணம் தெரியாத மாஸ்டைட்டிஸ்ல கிரானுலோமா பால் சுரக்கற லோபுல சுத்தி மட்டும் உக்காந்திருக்கும், நடுவுல கேசியேஷன் இருக்காது, நியூட்ரோஃபில்ங்கற வெள்ளணுவும் சீழும் கலந்திருக்கும். உங்க ரிப்போர்ட்ல இந்த விவரம் எழுதியிருக்கா பாருங்க. வெறும் கிரானுலோமான்னு ஒரு வரியில முடிச்சிருந்தா, லோபுல சுத்தியா, கேசியேஷன் இருக்கா, டிபி ஸ்டெயினும் பூஞ்சை ஸ்டெயினும் போட்டாச்சான்னு கேட்டு ஒரு சேர்க்கை ரிப்போர்ட் வாங்குங்க, எந்த லேபும் இதுக்கு மறுக்காது.

டிபி ஸ்டெயின் நெகட்டிவ்னு வந்தா டிபி இல்லன்னு ஆகாதுங்க. சளியில கூட ஒரு மில்லிக்கு 5,000ல இருந்து 10,000 கிருமி இருந்தாத்தான் அந்த ஸ்டெயின்ல கண்ணுக்கு படும், மார்புத் திசுவுல அவ்வளவு இருக்கறது கஷ்டம். ஜீன்எக்ஸ்பெர்ட், நம்ம ஊர்ல சிபிநாட்னு சொல்றது, அது கிருமியோட டிஎன்ஏவ தேடும், ரெண்டு மணி நேரத்துல முடிவு, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமான்னும் சேத்து சொல்லும். பாசிட்டிவ்னு வந்தா விஷயம் முடிஞ்சுது. நெகட்டிவ்னா கல்ச்சருக்கு, அதாவது லேப்ல கிருமிய வளத்துப் பாக்கறதுக்கு, காத்திருக்கணும், அது ஆறுல இருந்து எட்டு வாரம் கூட ஆகும்.

இங்கதான் நம்ம சிஸ்டத்துல எனக்கு தீராத எரிச்சல். கல்ச்சருக்கும் சிபிநாட்டுக்கும் திசுவ சாதாரண சலைன்ல போட்டு அனுப்பணும். திசு கெடாம வெக்கற ஃபார்மலின் திரவத்துல போட்டா கிருமி செத்துடும், அப்புறம் எந்த கல்ச்சர்லயும் எதுவும் வளராது, டிஎன்ஏவும் சிதைஞ்சு போய் பிளாக்ல இருந்து பண்ற டெஸ்ட்டோட நம்பகம் குறைஞ்சுடும். ஆனா பயாப்சி எடுக்கும்போது எல்லாரோட மனசும் கேன்சர்லதான் இருக்கும், அதனால எல்லா துண்டையும் ஃபார்மலின் டப்பால போட்டு மூடிடுவாங்க, ரெண்டு வாரம் கழிச்சு கிரானுலோமான்னு ரிப்போர்ட் வந்ததுக்கு அப்புறம் கல்ச்சர் அனுப்பலயேன்னு கைய பிசைவாங்க. சின்ன வயசு, சமீபத்துல குழந்தை பெத்தவங்க, வலியும் சிவப்பும் இருக்கு, அப்படின்னா பயாப்சி போடறதுக்கு முன்னாடியே ஒரு துண்டு சலைன்லயும் போடுங்கன்னு சொல்லணும். உங்க கேஸ்ல அனுப்பலன்னா, கட்டில சீழ் தேங்கியிருந்தா அத ஸ்கேன் பாத்து ஊசில உறிஞ்சி அனுப்பலாம், இல்லன்னா இன்னொரு தடவ கோர் எடுக்கறதுல தப்பே இல்ல. ஆறு மாசம் தேவையில்லாம டிபி மாத்திரை சாப்பிடறதோட பாத்தா ஒரு ஊசி எவ்வளவோ மேல்.

மாண்டூ டெஸ்ட் (டிபிக்கு தோல்ல ஊசி போட்டு பாக்கறது) பாசிட்டிவ், அதனால டிபின்னு யாராவது சொன்னா, நம்ம ஊர்ல பெரியவங்க கணிசமான பேருக்கு அது பாசிட்டிவ்தான், கிருமி என்னைக்கோ உள்ள வந்து தூங்குதுன்னுதான் அர்த்தம். நெஞ்சு எக்ஸ்ரே, வீட்ல யாருக்காவது டிபி இருந்துச்சா, சாயங்காலம் காய்ச்சல், எடை குறைஞ்சுதா, அக்குள் நெறிய தனியா ஊசி போட்டுப் பாத்தா அதுல கேசியேஷன் இருக்கா, இதெல்லாம் சேத்துப் பாக்கணும். இன்னொரு வாதமும் வரும், டிபி மாத்திரை குடுத்துப் பாப்போம், கேட்டா டிபிதான்னு. இத நான் ஒத்துக்க மாட்டேன். காரணம் தெரியாத மாஸ்டைட்டிஸ் தானாவே பல மாசத்துல அடங்கற நோய், ஆறு மாசம் எத சாப்பிட்டாலும் அதனாலதான் போச்சுன்னு தோணும், அதுக்கு மேல ரிஃபாம்பிசின் டிபி கிருமிய மட்டும் கொல்ற மருந்து இல்ல, கீழ சொல்லப் போற இன்னொரு கிருமியவும் அது அடிக்கும். அப்ப நல்லாயிடுச்சுங்கறதுல இருந்து என்ன நோய்னு எப்படி தெரியும்?

ஆனா மறுபக்கம் இதவிட ஆபத்து. டிபி இருக்கறவங்களுக்கு தெரியாம ஸ்டீராய்டு ஏத்தினா நோய் பரவி வேற எங்கயாவது வெடிக்கும். அதனால வரிசை இதுதான், மொதல்ல டிபிய முடிஞ்ச அளவு தேடு, சிபிநாட்டும் கல்ச்சரும் போகட்டும், அதுக்கு அப்புறம்தான் ஸ்டீராய்டு பேச்சு. கேசியேஷன் தெளிவா இருக்கு, நெறியிலயும் இருக்கு, வீட்ல டிபி ஆளு இருக்காருன்னா கிருமி கண்ணுல படலன்னாலும் டிபி மருந்து ஆரம்பிக்கறதுல நியாயம் இருக்கு. மொத ரெண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் மூணு மருந்து, அரசாங்கத்துல இலவசம், சிபிநாட்டும் அங்க இலவசம்தான்.

அந்த இன்னொரு கிருமிக்கு பேரு கொரினிபாக்டீரியம் குரோப்பன்ஸ்டெட்டி. 2003ல நியூசிலாந்துல இருந்து வந்த ஒரு ஆய்வுக்கு அப்புறம்தான் உலகம் இத கவனிச்சுது. ஸ்லைடுல கிரானுலோமாவுக்கு நடுவுல கொழுப்பு கரைஞ்ச மாதிரி வெற்று ஓட்டை, அத சுத்தி நியூட்ரோஃபில், அந்த ஓட்டைக்குள்ள கிராம் ஸ்டெயின்ல ஊதாவா ரெண்டு மூணு குச்சி. அவ்வளவுதான் தெரியும், தேடினாத்தான் தெரியும். கல்ச்சர் லேப்ல சாதாரணமா ரெண்டு நாள்ல தட்ட தூக்கிப் போட்டுடுவாங்க, இது மெதுவா வளர்ற, கொழுப்பு சேத்தாத்தான் வளர்ற கிருமி, அப்படியே வளர்ந்தாலும் தோல்ல இருக்கற அழுக்குக் கிருமின்னு ஒதுக்கிடுவாங்க. அதனால லேப் சீட்டுலயே கொரினிபாக்டீரியம் தேடுங்க, தட்ட அதிக நாள் வைங்கன்னு எழுதச் சொல்லுங்க. கிடைச்சா டாக்சிசைக்ளின் மாதிரி கொழுப்புக்குள்ள போற ஆன்டிபயாடிக் வாரக்கணக்குல குடுப்பாங்க, வழக்கமா குடுக்கற ஆக்மென்டின் அந்த ஓட்டைக்குள்ள சரியா போய்ச் சேராது.

காரணம் தேடும்போது ரத்தத்துல புரோலாக்டின் (பால் சுரக்க வெக்கற ஹார்மோன்) அளவு பாக்க சொல்லுங்க. ரிஸ்பெரிடோன் மாதிரி மனநல மருந்து சாப்பிடறவங்களுக்கும், மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பில சின்ன கட்டி இருக்கறவங்களுக்கும் புரோலாக்டின் ஏறி, பால் தேங்கி, அதுல இருந்து இந்த வீக்கம் ஆரம்பிக்கறது உண்டு, அத சரி பண்ணாம எத குடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும். அப்புறம் தங்கச்சிகிட்ட முழங்காலுக்கு கீழ முன்பக்கம் சிவப்பா வலிக்கற முண்டு வந்துச்சா, மூட்டு வீங்குச்சான்னு கேளுங்க. எரிதீமா நொடோசம்னு அதுக்கு பேரு, மார்புக் கட்டியோட அதுவும் சேந்து வந்தா கேன்சர் பக்கம் இருந்து முள்ளு நல்லா நகரும், ஆனா டிபியிலயும், கிரானுலோமா கட்டற இன்னொரு நோயான சார்காய்டுலயும் அது வரும்ங்கறதால அத மட்டும் வெச்சு முடிவெடுக்க முடியாது. ஆச்சரியம் என்னன்னா காலுல வந்தத யாரும் மார்பு டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு விட்டுடுவாங்க.

ட்ரீட்மென்ட் என் ஏரியா இல்ல, ஆனா சர்ஜன் சொன்ன மொத்தமா எடுத்துடலாம்ங்கறதுக்கு மட்டும் பதில் சொல்லிடறேன். கேன்சர்னா எடுக்கறது சரி, இதுல வீக்கத்துக்கு ஓரமே கிடையாது, வெட்டின இடம் ஆறாம சீழ் வடிஞ்சு ஓட்டை விழுந்து, அப்புறம் பக்கத்துலயே திரும்ப வர்றது சகஜம். சீழ் இருந்தாலும் கத்தி வெச்சுக் கீறாம ஊசில எடுக்கறதுதான் இப்ப விரும்பற வழி. லேசா இருந்தா சும்மா கவனிச்சாலே பலருக்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல அடங்குது. தாங்க முடியலன்னா, டிபி இல்லன்னு உறுதியானதும் கட்டிக்குள்ளயே ட்ரையாம்சினோலோன் ஊசி, இல்ல பிரெட்னிசோலோன் மாத்திரை, ரெண்டும் ஸ்டீராய்டுதான், அடங்கலன்னா உடம்போட எதிர்ப்பு சக்திய அடக்கற மெத்தோட்ரெக்சேட். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடற மாத்திரை, தினமும் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து, அத சாப்பிடற காலத்துல கர்ப்பம் ஆகவே கூடாது, இத மெடிக்கல் ஷாப்ல யாரும் சொல்ல மாட்டாங்க. சுகர் இருந்தா ஸ்டீராய்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

இத படிக்கற மத்தவங்களுக்கும் சேத்து, கேன்சர் வேஷம் போடறது இது ஒண்ணு மட்டும் இல்லங்கறதையும் சொல்லிடறேன். கொழுப்பு அடிபட்டு சாகற ஃபேட் நெக்ரோசிஸ் 1920லயே லீ, அடேர்னு ரெண்டு பேர் கேன்சர்ல இருந்து இத எப்படி பிரிக்கறதுன்னு எழுதின பழைய விஷயம், இடிபட்டதுக்கு அப்புறம், கார் சீட் பெல்ட் அழுத்தினதுக்கு அப்புறம் வரும், ஆனா ரொம்ப கலக்கறது ஏற்கனவே கேன்சர் ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிஞ்சவங்களுக்கு அதே இடத்துல வரும்போது, திரும்ப வந்துடுச்சுன்னு குடும்பமே ஆடிப்போயிடும். மேமோகிராம்ல முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்பு வளையம் போட்ட எண்ணெய்க் கட்டி தெரிஞ்சா ஊசியே தேவையில்ல, தெரியாத கட்டத்துல பயாப்சிதான்.

டயபெடிக் மாஸ்டோபதின்னு ஒண்ணு, 1984ல விவரிச்சது, பல வருஷமா இன்சுலின் போடற டைப் 1 சுகர்காரங்களுக்கு வரும். மார்புல பாறையா ஒரு கட்டி, வலியே இருக்காது, அல்ட்ராசவுண்ட்ல பின்னாடி கறுப்பா நிழல் விழும், பாக்கற யாருக்கும் கேன்சர்தான் மொதல்ல தோணும். ஸ்லைடுல தழும்பு மாதிரி கெட்டி நாரும், லோபுலையும் ரத்தக்குழாயையும் சுத்தி லிம்போசைட்ங்கற வெள்ளணு கூட்டமும் இருக்கும், கேன்சரா மாறாது, வெட்டினா திரும்ப வரும், அதனால கோர் பயாப்சில உறுதியானா விட்டுடறதுதான் நல்லது. இதுல பேத்தாலஜிஸ்ட்டுக்கு சுகர் இருக்குன்னு சீட்டுல எழுதினாத்தான் யோசனையே வரும், எழுதாம அனுப்பறவங்கதான் அதிகம்.

எங்கள ரொம்ப மிரட்டறது ரேடியல் ஸ்கார். பேருதான் ஸ்கார், அடிபட்ட தழும்பு இல்ல. நடுவுல நார் இழுத்து, சுத்தி பால்குழாய் நெரிஞ்சு நட்சத்திரமா விரியும், மேமோகிராம்ல கேன்சர்னே தோணும், ஸ்லைடுலயும் நெரிஞ்ச குழாய், டியூபுலர் கார்சினோமாங்கற கேன்சர் மாதிரியே நிக்கும். வித்தியாசம் ஒரே ஒரு செல் வரிசை. நல்ல குழாய சுத்தி மையோஎபிதீலியல் செல் ஒரு அடுக்கு இருக்கும், கேன்சர்ல இருக்காது, பி63, கால்போனின் ஸ்டெயின் போட்டா அந்த அடுக்கு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். கேன்சர் இல்லன்னு வந்தாலும் பெருசா இருந்தாலோ கூட கோணல் செல் இருந்தாலோ அந்த இடத்த வேக்வம் ஊசிலயோ சின்ன ஆபரேஷன்லயோ முழுசா எடுத்துப் பாக்கறது உண்டு, பக்கத்துல ஏதாவது ஒளிஞ்சிருக்கலாம்ங்கறதுக்காக.

கிரானுலர் செல் ட்யூமர், நரம்ப சுத்தி இருக்கற ஷ்வான் செல்ல இருந்து வர்றது, எஸ்-100 ஸ்டெயின்ல பிடிபடும், எடுத்துட்டா பெரும்பாலும் முடிஞ்சுது. ஃபைப்ரோமடோசிஸ்ங்கற நார்த்திசுக் கட்டி வேற எங்கயும் பரவாது, ஆனா இருக்கற இடத்துல வேர் விட்டு சதையோட ஒட்டும், அத ஸ்லைடுல மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமாங்கற கேன்சர்ல இருந்து பிரிக்க கெரட்டின், பீட்டா கேட்டெனின் ரெண்டு ஸ்டெயினும் வேணும், ஒரே ஸ்டெயின் போட்டு முடிவு சொல்றவங்கள நம்பாதீங்க. மார்பு ஓரத்துல கயிறு மாதிரி நீளமா இழுத்துப் பிடிச்சிருந்தா அது மோண்டோர் நோயா இருக்கலாம், மேலோட்டமா ஓடற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சது, சில வாரத்துல தானா போயிடும், அபூர்வமா பின்னாடி கேன்சர் இருக்கலாம்ங்கறதால ஒரு ஸ்கேன் மட்டும் எடுத்துடணும்.

இதெல்லாம் சொல்லிட்டு மறுபக்கத்த சொல்லாம விட்டா தப்பாயிடும், ஏன்னா எண்ணிக்கைல பாத்தா கேன்சர வீக்கம்னு நினைச்சு ஏமாறறதுதான் அதிக உயிர எடுக்குது. இன்ஃப்ளமேட்டரி பிரெஸ்ட் கேன்சர்னு ஒண்ணு இருக்கு, கட்டியே கைக்கு தெரியாம மார்பு முழுக்க சிவந்து சூடா வீங்கி தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியா ஆகும், பால் குடுக்கற அம்மாவா இருந்தா பால் கட்டிக்கிச்சுன்னு ஒரு ஆன்டிபயாடிக், அது கேக்கலன்னு இன்னொண்ணு, அப்படியே ரெண்டு மாசம் போயிடும். பத்து நாள்ல இருந்து ரெண்டு வாரம் ஒழுங்கா ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் சிவப்பு குறையலன்னா மூணாவது ஆன்டிபயாடிக் வேணாம், ஸ்கேனும் பயாப்சியும்தான், தோல்ல இருந்தும் ஒரு சின்ன துண்டு எடுக்கணும், அந்த கேன்சர் தோலுக்கு அடியில இருக்கற லிம்ப் குழாய்க்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும்.

உங்க கேஸ்க்கு வர்றேன். லேப்ல இருந்து ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்க. மார்பு ஸ்லைடு நிறைய பாக்கற ஒரு பேத்தாலஜிஸ்ட்கிட்ட, அடையார் கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சிஎம்சி மாதிரி பெரிய இடமா இருந்தா இன்னும் நல்லது, ரெண்டாவது கருத்து வாங்குங்க. போகும்போது ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, ஸ்கேன் படம் இருக்கற சிடியும் வேணும், கடைசி பிரசவம் எப்ப, பால் நிறுத்தினது எப்ப, என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க, சுகர் இருக்கா, வீட்ல டிபி உண்டான்னு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுடுங்க. ரேடியாலஜிஸ்ட், சர்ஜன், பேத்தாலஜிஸ்ட் மூணு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்து பேசற இடம் கிடைச்சா அங்கயே வைத்தியத்த வெச்சுக்கோங்க, மூணு கிளினிக்கு அலையறதுல பாதி குழப்பம் அந்த அலைச்சல்லதான் வருது.

எந்த மருந்து ஆரம்பிச்சாலும் கட்டியோட அளவ ஸ்கேன்ல அளந்து எழுதி வெச்சு, மூணு மாசம் போல ஆனதும் மறுபடி அளக்க சொல்லுங்க, குறையாம இருந்தாலோ வளர்ந்தாலோ மருந்த மாத்தறதுக்கு முன்னாடி மறுபடி பயாப்சி. இந்த நோய் கேன்சரா மாறும்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல, ஆனா இது வந்ததால இனிமே கேன்சர் வராதுன்னும் இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு அடுத்த மார்புல ஒரு கட்டி வந்துச்சுன்னா பழைய ரிப்போர்ட்ட காட்டி அதே மாத்திரைய வாங்கிட்டு வந்துடாதீங்க, அதுக்கு தனியா ஸ்கேன், தனியா ஊசி, அந்த தடவ மறக்காம ஒரு துண்டு சலைன்ல.